அலாரம் ஆஃப் ஆகவில்லை, அலறியிருக்கிறது

அலாரம் "வென்ட் ஆஃப்" என்று மெயில் போடுகிறான் ஒரு புண்ணியவான். என்ன புரியும் உங்களுக்கு? அலாரம் ஆஃப் ஆகிவிட்டது, விட்டது சனியன், அதுதானே? எங்கள் டீம் லீடர் அண்ணனுக்கும் அதுதான் புரிந்தது.

"தம்பி, அலாரம் தானா ஆஃப் ஆயிடுச்சாம். டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடு."

"அண்ணே, அது அடிச்சிருக்குன்னு அர்த்தம்ணே."

"ஆஃப்னு போட்டிருக்கான்ல?"

"ஆஃப்னுதான் போட்டிருக்கான். ஆனா அடிச்சிருக்கு."

நைட் ஷிப்டில் ராத்திரி இரண்டு மணிக்கு இப்படிப் பேசினால் யார் நம்புவார்கள்? தூக்கக் கலக்கத்தில் உளறுகிறேன் என்று முடிவு கட்டி, அவரே அந்தப் புகாரை க்ளோஸ் பண்ணிவிட்டார். சும்மா பண்ணியிருந்தாலும் பரவாயில்லை. "பிரச்சினை தானாகவே தீர்ந்ததில் மிக்க மகிழ்ச்சி" என்று இங்கிலீஷில் ஒரு வரி வேறு. அங்கே இங்கிலாந்தில் கடை சாத்துகிற நேரத்தில் பால், தயிர் வைத்திருந்த ஃப்ரிட்ஜ் செத்து, அலாரம் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே சென்னையிலிருந்து நாங்கள் மகிழ்ச்சி தெரிவிக்கிறோம்.

மறுநாள் ஷிப்டுக்குள் நுழைந்தால் பதில் வந்து கிடக்கிறது. அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அலாரம் வென்ட் ஆஃப் என்று சொன்னேனே, அப்புறம் லைட்டும் வென்ட் ஆஃப். அந்த நேரம் பார்த்து மேனேஜரும் வென்ட் ஆஃப். காலையில் வந்து பார்த்தால் பால் மொத்தமும் கான் ஆஃப். உங்கள் சர்வீஸ் மேலேயே நான் கான் ஆஃப். சத்தியமாக ஒரே மெயிலில்.

அண்ணன் அதைப் படித்துவிட்டு, "என்ன தம்பி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டானா?" என்றார்.

நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பதவுரை சொன்னேன். அலாரம் அடித்தது. லைட் அணைந்தது. மேனேஜர் கிளம்பிப் போய்விட்டார். பால் கெட்டுப்போனது. அவனுக்கு நம்மைக் கண்டாலே பிடிக்கவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப அலாரம் நின்னுச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். அதற்கும் மெயிலில் பதில் இருந்தது. அலாரம் வென்ட் ஆஃப், அதனால் நான் அதை டர்ன்ட் ஆஃப். ஒரு ஆஃபில் அது கத்துகிறது, இன்னொரு ஆஃபில் அதன் வாய் அடைகிறது. அண்ணன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

தமிழில் ஆஃப் எவ்வளவு யோக்கியமான சொல் பாருங்கள். ஃபேன் ஆஃப், போன் ஸ்விட்ச் ஆஃப், "ஓவரா பேசினான், ஒரே வார்த்தையில ஆஃப் பண்ணிட்டேன்". எங்கே போட்டாலும் ஏதோ ஒன்று அடங்குகிறது. "கெட்டுப்போச்சு, கரண்ட் போச்சு என்று நாமும்தானே போவைப் போடுகிறோம்" என்று யாரும் கிளம்பி வராதீர்கள். நாம் "கெட்டு" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போகிறோம். இவர்கள் போய்விட்டு, எங்கே போனோம் என்று நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்.

ஆதியில் ஆஃப் என்றால் "விலகி" என்று அர்த்தமாம். ஆள் விலகினான், சரி. வெளிச்சம் விலகியது, சரி. பால் நல்ல நிலையிலிருந்து விலகியது, இழுத்துப் பிடித்தால் சரி. அலாரம் எதிலிருந்து விலகியது, மௌன விரதத்திலிருந்தா? துப்பாக்கி வெடித்தாலும் கோ ஆஃப், குண்டு வெடித்தாலும் கோ ஆஃப். விழா அமர்க்களமாக நடந்து முடிந்தாலும் "வென்ட் ஆஃப் வெல்". குண்டு வெடித்ததா, கல்யாணம் நடந்ததா என்று அந்த "வெல்"லை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது இன்ஸ்டாவில் யாராவது ஆடினால் கீழே "கோ ஆஃப்!" என்று எழுதுகிறார்கள். போய்த்தொலை என்பதில்லையாம், பின்னி எடு என்று அர்த்தமாம்.

அவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1755-ல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டுகிற இந்தக் குட்டிச் சொற்கள்தான் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெரிய சிரமம் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் கொடுத்த உதாரணங்களில் "ஃபால் ஆஃப்" என்றால் கீழே விழுவதில்லை, மதத்தை விட்டு விலகுவது! சிரமம் என்று தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர் வைத்தார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொன்ன பெயராம், 1925-ல் எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் அதைப் புத்தகத்தில் ஏற்றினார். பெயர் வைத்ததோடு வேலை முடிந்தது. நாம் அதை ஒரு மார்க் கேள்விக்காக "கால் ஆஃப் என்றால் கேன்சல், புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன்" என்று மனப்பாடம் பண்ணினோம். கோ ஆஃப் கேள்வித்தாளில் வரவே இல்லை. வாழ்க்கையில்தான் வந்தது, அதுவும் எஸ்கலேஷனாக, அதாவது மேலிடம் வரை போகிற புகாராக.

கடைசியில் மன்னிப்பு மெயிலை எழுதும் வேலை யார் தலையில் விழுந்தது என்று கேட்காதீர்கள். "எங்கள் தவறால் ஏற்பட்ட சிரமத்துக்கு" என்று ஆரம்பித்தேன். அண்ணன் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு, "ஆஃப்னு எங்கயும் போட்றாத தம்பி" என்றார். அங்கே சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

சரி, இங்கிலீஷ்காரனாவது எங்கோ இருக்கிறான். எங்கள் ஃப்ளோரில் இருக்கிற காபி மெஷினுக்கு என்ன கேடு? காபி பட்டனை அழுத்தினால் வெந்நீர் வருகிறது. வெந்நீர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே வருவதில்லை, உறுமுகிறது. பால் எப்போதும் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. கேட்டால், பகல் ஷிப்டில் ஆளுக்கு இரண்டு கப் குடித்துவிடுகிறார்களாம். ராத்திரி முழுக்க முழித்திருப்பவனுக்குக் கட்டங்காப்பி, பத்து மணிக்கு ஆடி அசைந்து வருகிறவனுக்கு இரண்டு கப் பாலா?