அது உணவுக் கிருமிக் காய்ச்சல் அல்ல
“குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் கெட்ட சாப்பாட்டுக் கிருமியால் வருவது, ஆன்டிபயாடிக் போட்டால் மூன்று நாளில் போய்விடும்” என்று சொல்வது தவறு. இது திரும்பத் திரும்பக் காய்ச்சல் வரும் ஒரு பரம்பரை நோய். எதுவுமே போடாவிட்டாலும் ஒவ்வொரு முறை வரும் காய்ச்சலும் பெரும்பாலும் 12 முதல் 72 மணி நேரத்தில் தானே அடங்கும்; குணமாக்கிய பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது. காரணம் எம்இஎஃப்வி மரபணுப் பிழை, 1997-இல் கண்டுபிடித்தது. அந்த மரபணு தரும் பைரின் புரதம், சில பாக்டீரியா நச்சுகள் செல்லுக்குள் ரோ-ஏ புரதத்தை முடக்கினால் அலாரம் அடித்து அழற்சியைக் கிளப்பும். இந்த நோயில் கிருமி இல்லாமலே அடிக்கிறது.

தினமும் கால்சிசின் என்ற மருந்தை எடுப்பதுதான் முதல் சிகிச்சை. விட்டால் அமிலாய்டு என்ற புரதக் கழிவு படிந்து சிறுநீரகம் கெடலாம். கால்சிசினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் கால்சிசின் சரியாக வெளியேறாமல் உடலில் தேங்கி நஞ்சாகும், உயிரே போயிருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்குதான் அந்த நஞ்சேறலின் முதல் அறிகுறி. அதையும் ‘ஃபுட் பாய்சன்’ என்று நினைத்து இன்னொரு ஆன்டிபயாடிக் கோர்ஸ் ஆரம்பித்துவிடாதீர்கள்.