ஆன் என்றால் பூஜ்யமாம்!

நாலே நாலு டிப் சுவிட்ச், அதாவது கார்டு மேலேயே இருக்கும் குட்டி சுவிட்சுகள். ஒவ்வொன்றும் அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு மூன்றரை மணி நேரம்!

நேற்று மணலியில் ஓர் எடைமேடை. பழைய கம்ப்யூட்டரில் எட்டு போர்ட் சீரியல் கார்டு, அதாவது எடைக் கருவி மாதிரி சாதனங்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அட்டை, மாற்ற வேண்டும். புது கம்ப்யூட்டரே வாங்கலாமே என்கிறீர்களா? முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள். "ஓடுதே தம்பி, எதுக்கு மாத்தணும்?" என்பார்.

கார்டு 300 என்ற முகவரியில் வந்தது. இந்த முகவரிகள் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்கள்; 9-க்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்து. போர்ட்டுக்கு எட்டு முகவரி, எட்டு போர்ட்டுக்கு 64. அதாவது 300 முதல் 33எஃப் வரை மொத்தமும் தனக்கே வேண்டுமாம். அங்கே ஏற்கெனவே நெட்வொர்க் கார்டு குடியிருக்கிறது. சரி, 280-க்குப் போவோம். முகவரியை முடிவு செய்யும் நாலு சுவிட்சில் ஏ9, ஏ7 இரண்டுக்கும் மதிப்பு 1. ஏ8, ஏ6 பூஜ்யம். பில் போடும் அக்காவிடம் ஊக்கு வாங்கினேன். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு 1 வர வேண்டியதை ஆனில் தள்ளினேன். மூடினேன், திருகு முடுக்கினேன், ஆன் செய்தேன்.

சிடி டிரைவைக் காணோம்.

சீரியலைத் தொட்டால் சிடி ஏன் போகிறது? கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பவர் ஒயரை மாற்றினேன். மறுபடி திருகு, மறுபடி மூடி. வெளியே லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாண்ணே, கம்ப்யூட்டரு தூங்குதா?" என்கிறார்.

கடைசியில் மேனுவலைப் பிரித்தேன். படத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ஆன் என்றால் 0, ஆஃப் என்றால் 1. அடப்பாவிகளா! ஆன் என்றால் ஆன் என்று நினைத்தது என் குற்றமா? எல்லாம் தலைகீழாகி கார்டு 140-இல் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து 17எஃப் வரை அதன் ராஜ்ஜியம். நடுவில் 170-இல்தான் இரண்டாவது ஐடிஇ, அதாவது டிரைவ்களை மாட்டும் இணைப்பு. சிடி டிரைவ் அதில்தான் மாட்டியிருக்கிறது, பாவம்.

இதை வடிவமைத்தவர் வீட்டில் ஃபேன் சுவிட்சை ஆஃப் செய்துதான் காற்று வாங்குவார் போல.

நாலையும் திருப்பிப் போட்டதும் எட்டு போர்ட்டும் வந்தன. எடை விழுந்தது. லாரிகள் வரிசையாகக் கிளம்பின.

ராத்திரி ஒன்பதரைக்கு பைக்கை எடுத்தால் எம்எஃப்எல் சந்திப்பில் ஒரு அங்குலம் நகரவில்லை. முன்னால் முழுக்க டிரெய்லர். அதில் பாதி, நான் எடை போட்டு அனுப்பிய வண்டிகள்.