கண்டதைச் சொல்ல விடுங்கள்

விஞ்ஞானிகள் கண்டதை ஆட்சியாளர்கள் திருத்துவது பற்றி ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம். நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

2019 செப்டம்பர் 1, ஒரு ஞாயிற்றுக்கிழமை. டோரியன் என்ற பெரும் புயல் அட்லாண்டிக்கில் சுழன்றுகொண்டிருந்தது. அது எந்தெந்த மாநிலங்களைத் தாக்கும் என்று அதிபர் டிரம்ப் ட்விட்டரில் ஒரு பட்டியல் போட்டார், அதில் அலபாமாவையும் சேர்த்திருந்தார். அன்றைய கணிப்புப்படி புயல் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆனால் நாட்டின் அதிபரே சொன்னால் மக்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? பர்மிங்காமில் இருக்கும் தேசிய வானிலைச் சேவை அலுவலகத்துக்கு அழைப்பு மேல் அழைப்பு. சுமார் இருபது நிமிடத்தில் அவர்கள் ஒரு பதிவு போட்டார்கள்: டோரியனால் அலபாமாவுக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது. இந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பதுகூட அப்போது அவர்களுக்குத் தெரியாது என்று பின்னால் அந்தச் சேவையின் இயக்குநரே சொன்னார். பயந்துபோய்க் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

மூன்று நாள் கழித்து வெள்ளை மாளிகையில் ஒரு புயல் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அதிகாரப்பூர்வமான வரைபடம்தான், ஆனால் புயலின் பாதையைக் காட்டும் வெள்ளைக் கூம்பின் நுனியில் கறுப்பு மார்க்கரால் கையால் ஒரு வளைவு போட்டு அலபாமாவின் ஒரு மூலையை உள்ளே இழுத்திருந்தார்கள். செப்டம்பர் 6 அன்று, வானிலைச் சேவைக்கு மேலே இருக்கும் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான நோவா ஓர் அறிக்கை விட்டது. பர்மிங்காம்காரர்கள் அப்படி அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த அறிக்கையின் கீழே யாருடைய பெயரும் இல்லை. மறு ஆண்டு விசாரணை நடந்து, நோவாவின் தற்காலிகத் தலைவர் அமைப்பின் சொந்த அறிவியல் நேர்மை விதிகளையே மீறினார் என்று முடிவானது.

நிறையப் பேர் இதை ஒரு சிரிப்புச் செய்தியாகக் கடந்து போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த புயலின்போது இரவு ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு வானிலையாளர், எச்சரிக்கையை எழுதி முடித்துவிட்டு, அதை வெளியே அனுப்பும் முன் 'இது மேலே யாருக்காவது பிடிக்காமல் போய்விட்டால்?' என்று ஒரு நொடி தயங்கினால் போதும். அந்தத் தயக்கத்தை எந்த விசாரணைக் குழுவாலும் கண்டுபிடிக்க முடியாது.

அரசியல் தலையீடு என்றதும் நமக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரியான பெரும் பொய்தான் ஞாபகம் வருகிறது. அப்படியும் நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது ஒரு சொல், ஒரு விகுதி, ஒரு தேதி என்ற அளவில்தான் நடக்கிறது. நம் மொழியில் 'பரவும்' என்பதற்கும் 'பரவக்கூடும்' என்பதற்கும் எவ்வளவு தூரம்? இடையில் வருவது சின்னதாக ஒரு 'கூடும்'. அதை அந்த ஆய்வாளரே போட்டால் அது நேர்மை, தனக்கு எவ்வளவு தெரியும் எவ்வளவு தெரியாது என்று அவர் சொல்கிறார். அந்த ஆய்வைச் செய்யாத ஒருவர் மேலிடத்தில் உட்கார்ந்துகொண்டு பேனாவால் நுழைத்தால் அது திருட்டு. எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

2005இல் இப்படி ஒரு பேனா மாட்டியது. பிலிப் கூனி என்பவர் புஷ் ஆட்சியில் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் தர மன்றத்தில் தலைமை அலுவலர். வழக்கறிஞர், அறிவியல் பயிற்சி கிடையாது, அதற்கு முன் பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கத்தில் வேலை பார்த்தவர். அரசு விஞ்ஞானிகள் எழுதிய பருவநிலை அறிக்கைகளின் வரைவுகளில் கையால் திருத்தம் செய்திருந்தார். உயிரினங்களிலும் சூழலிலும் ஏற்படும் மாற்றங்களுக்குப் பருவநிலைதான் காரணம் என்று பிரித்துச் சொல்வது 'கடினம்' என்று இருந்த இடத்தில் அது 'மிக மிகக் கடினம்' ஆனது. இப்படி நிறைய இடங்களில் சந்தேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவியிருந்தார். ஆவணங்கள் பத்திரிகையில் வந்ததும் பதவி விலகினார். அப்புறம் போய்ச் சேர்ந்த இடம் எக்ஸான்மொபில்.

அதே மன்றத்தின் பெயர் இதைவிடக் கொடுமையான ஓர் இடத்திலும் வருகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த ஒரே வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, அங்கே காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. கான்கிரீட் தூள், கண்ணாடித் தூள், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்த புழுதி அது. இப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்வதற்குப் போதுமான தரவு அன்று முகமையிடம் இல்லை என்றும், நம்பிக்கையூட்டும் வரிகளைச் சேர்க்கவும் எச்சரிக்கை வரிகளை நீக்கவும் அந்த வெள்ளை மாளிகை மன்றம் அழுத்தம் கொடுத்தது என்றும் முகமையைக் கண்காணிக்கும் அதன் சொந்தத் தலைமைத் தணிக்கை அதிகாரியே 2003இல் எழுதினார். யோசித்துப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்த இடிபாடுகளுக்குள் மாதக்கணக்கில் வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர் சரியான முகக்கவசம்கூட இல்லாமல் நின்றார்கள். நுரையீரல் நோயும் புற்றுநோயும் பின்னால் வந்தன. 'மாஸ்க்கைக் கழற்றாதே' என்று ஒரு வரி அன்று அழுத்தமாகச் சொல்லப்பட்டிருந்தால் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். இந்த விஷயத்தில் என்னை அதிகம் உலுக்கியது தென்னாப்பிரிக்கா. எய்ட்ஸ் நோய் அந்த நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தபோது, எச்.ஐ.வி கிருமிதான் அதற்குக் காரணமா என்றே அதிபர் தாபோ எம்பெக்கி சந்தேகம் கிளப்பினார். 2000இல் 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்டு, கிருமிதான் காரணம் என்று டர்பன் பிரகடனம் வெளியிட்டார்கள். அசையவில்லை. சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார்.

நெவிரபின் என்று ஒரு மருந்து. பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில சொட்டு. இவ்வளவுதான். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போவதை இது வெகுவாகக் குறைக்கும். தயாரித்த நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. அரசோ ஒரு மாகாணத்துக்கு இரண்டு சோதனை மையங்களில் மட்டும் கொடுப்போம் என்று கட்டுப்படுத்தியது. ஒரு மருத்துவர் நிற்கிறார், எதிரே ஒரு தாய் படுத்திருக்கிறாள், மருந்து உலகத்தில் இருக்கிறது, விலைகூட இல்லை, ஆனால் இந்த மருத்துவமனை பட்டியலில் இல்லை. இப்படி எத்தனை பிரசவ அறைகள்! கடைசியில் வழக்குப் போட்டு, 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அந்தத் தடை விலகியது. 2000 முதல் 2005 வரை மருந்துகளைத் தள்ளிப்போட்டதால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, சுமார் 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு அடுத்த பத்திக்கு ஓடாதீர்கள், கொஞ்சம் நில்லுங்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முடிவு எடுப்பது ஆட்சியாளரின் உரிமை. அதை நான் மறுக்கவே இல்லை. பள்ளிகளை மூடுவதா, ஆலையை நிறுத்துவதா, எந்த மருந்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, இதெல்லாம் அறிவியல் மட்டும் தீர்க்கிற கேள்விகள் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் தீர்க்க வேண்டியவை. விஞ்ஞானி சொன்னதைக் கேட்டுவிட்டு 'இல்லை, வேறு காரணங்களுக்காக நான் இப்படிச் செய்கிறேன்' என்று ஓர் அமைச்சர் வெளிப்படையாகச் சொன்னால் அதை ஏற்கலாம், எதிர்க்கலாம், அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம். ஆனால் கண்டுபிடித்ததையே மாற்றி எழுதிவிட்டு, தன் முடிவை விஞ்ஞானியின் வாயால் சொல்ல வைத்தால் நாம் யாரைப் போய்க் கேட்பது?

'விஞ்ஞானிகள் மட்டும் என்ன தெய்வமா, அவர்களும்தானே தப்பு செய்கிறார்கள்' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொரோனா காலத்தில் மாஸ்க் விஷயத்தில் பேச்சு மாறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அறிவியல் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும், தரவைத் திறந்து வைத்திருந்தால். மேலிடத்துக்குப் பிடித்தபடி எழுதிய அறிக்கையில் தவறைக் கண்டுபிடிக்கவும் ஆள் இருக்காது, ஏனென்றால் கண்டுபிடிப்பவருக்கு வேலை போகும்.

பிரிட்டனில் டேவிட் நட் என்ற பேராசிரியர், போதைப்பொருள்கள் பற்றிய அரசு ஆலோசனைக் குழுவின் தலைவர். தடை செய்யப்பட்ட சில பொருள்களைவிட மதுவும் புகையிலையும் அதிகக் கேடு என்று பேசினார். 2009 அக்டோபரில் உள்துறை அமைச்சர் ஆலன் ஜான்சன் அவரை நீக்கினார். ஆலோசகராக இருந்துகொண்டே அரசின் கொள்கைக்கு எதிராகப் பிரச்சாரம் செய்ய முடியாது என்பது அமைச்சரின் வாதம். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. எது எவ்வளவு கெடுதல் என்று சொல்வதற்குத்தானே அந்தக் குழுவையே வைத்திருந்தார்கள்?

இது இடது, வலது என்ற கட்சிச் சண்டையும் இல்லை. சோவியத்தில் லைசென்கோ என்ற வேளாண் விஞ்ஞானியின் தவறான கோட்பாட்டுக்கு அரசின் ஆதரவு கிடைத்தது, அதை எதிர்த்த உலகப் புகழ்பெற்ற தாவரவியலாளர் வவிலோவ் 1940இல் கைதாகி 1943இல் சிறையிலேயே இறந்தார். பிரேசிலில் காட்டழிப்புத் தரவை வெளியிட்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கால்வாவோ 2019 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். இந்தியாவில் 2020 ஜூலையில் அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் ஒரு கடிதம் எழுதியது, மனிதர்களிடம் சோதனையே தொடங்காத கொரோனா தடுப்பூசியை ஆகஸ்ட் 15க்குள் கொண்டுவர வேண்டும் என்று. காலண்டரில் இருக்கும் தேதியைப் பார்த்தா தடுப்பூசி வேலை செய்யும்? விஞ்ஞானிகள் உரக்க எதிர்த்த பிறகு, தேவையில்லாத சிவப்பு நாடாவைக் குறைக்கத்தான் அப்படி எழுதினோம் என்று விளக்கம் வந்தது.

அந்த நாட்களில் என் அம்மா தினமும் தொலைக்காட்சியில் வரும் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது நிஜமான கணக்காடா?" அவர் பெரிதாகப் படித்தவர் இல்லை. ஆனால் வெளியே போவதா வேண்டாமா, ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று அந்த ஒரு பதிலை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தலையீட்டின் நிஜமான சேதம் எனக்கு அந்தக் கேள்வியில்தான் புரிந்தது. ஒரு முறை எண்ணில் கை வைத்துவிட்டால், அப்புறம் உண்மையான எண்ணைச் சொன்னாலும் அம்மா அதே கேள்வியைத்தான் கேட்பார்.

2025 ஜூன் 9 அன்று அமெரிக்கச் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர், தடுப்பூசிகள் பற்றி ஆலோசனை சொல்லும் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே அடியாக நீக்கினார். மக்களின் நம்பிக்கையை மீட்கத்தான் இது என்றார். ஆகஸ்ட் கடைசியில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் சூசன் மொனாரெஸ், பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் நீக்கப்பட்டார். புதிய குழுவின் பரிந்துரைகளுக்கு ஆதாரத்தைப் பார்க்கும் முன்பே ஒப்புதல் தரச் சொன்னார்கள் என்று செனட் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். அமைச்சர் அதை மறுக்கிறார். மையத்தின் மூத்த அதிகாரிகள் சிலர் கூடவே ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள். இருபது, முப்பது வருட அனுபவம் இப்படி ஒரு நாளில் வாசலைத் தாண்டிப் போனால் அதைத் திரும்பச் சேர்க்க இன்னொரு தலைமுறை ஆகும்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். அரசுப் புள்ளிவிவரமும் ஆய்வறிக்கையும் எந்தத் தேதியில் வரும் என்று முன்பே அறிவித்துவிடுங்கள், அப்போது தேர்தலுக்காகத் தள்ளிப்போட முடியாது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஜூலை முதல், தன் எண்களை அமைச்சர்களுக்கு முன்கூட்டியே காட்டும் வழக்கத்தை நிறுத்தியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கட்டும். அப்புறம், வரைவில் யார் என்ன மாற்றினார்கள் என்பது பதிவாகி, பின்னால் யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். அறிக்கையின் கீழே பெயர் இருக்க வேண்டும். பெயர் போடத் துணிச்சல் இல்லாத ஒரு வரி மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட காகிதத்தில் எதற்கு?

அந்தப் பெயரில்லாத நோவா அறிக்கை வந்த மூன்றாம் நாள், அலபாமாவிலேயே வானிலையாளர்களின் மாநாடு ஒன்று நடந்தது. தேசிய வானிலைச் சேவையின் இயக்குநர் லூயிஸ் உச்செல்லினி மேடையில் இருந்தார். அறிக்கை வந்த இடம் அவருக்கும் மேலிடம். அவர் பர்மிங்காம் அலுவலக ஊழியர்களை எழுந்து நிற்கச் சொன்னார். அவர்கள் எழுந்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று அந்த இயக்குநருக்குத் துணிச்சல் இருந்தது, சரி. ஆனால் அந்த ஊழியர்களைக் காப்பாற்ற வேண்டியது ஒரு தனி மனிதரின் துணிச்சலா, சட்டமா? சட்டம் வேண்டும் என்று கேளுங்கள். உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமே கேளுங்கள்.