மருந்து கெட்டித்தவர் பொறுப்பேற்க வேண்டும்

பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி புதிதில்லை. ராத்திரி வேட்டைக்குப் போனவர்களில் ஒருத்தர் உயிரோடு திரும்பவில்லை. கூடப் போனவர் கையிலிருந்த நாட்டுத்துப்பாக்கி வெடித்துவிட்டது. இல்லையென்றால் புதரில் ஏதோ அசைந்தது, பன்றி என்று சுட்டார்கள், ஆள் விழுந்துவிட்டார். எழவு வீட்டில் "வேணும்னா சுட்டான்? அவன் விதி" என்பார்கள். அப்புறம் பெரியவர்கள் கூடி ஒரு தொகை பேசி முடித்துவிடப் பார்ப்பார்கள்.

இந்தப் பேச்சு எனக்குத் துளியும் சம்மதமில்லை. நாட்டுத்துப்பாக்கி சும்மா கிடந்து வெடிக்கிற சாமான் இல்லை. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். குண்டைப் போட்டு மறுபடி அடைத்து, கடைசியில் பின்பக்கம் கேப் (அடிபட்டால் பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மாட்ட வேண்டும். ஒருத்தர் உட்கார்ந்து நிதானமாகச் செய்கிற வேலை இது. சுடாமல் திரும்பினால் உள்ளே இடித்த மருந்தை வெளியே எடுப்பது பெரிய தொல்லை. அதனால் கெட்டித்தபடியே கொண்டுவந்து பரணிலோ மாட்டுக்கொட்டாயிலோ செருகிவிடுகிறார்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது.

விபத்து என்று விலக்குக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 80, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 18. ஆனால் செய்த காரியமும் செய்த முறையும் சட்டப்படி இருந்திருக்க வேண்டும், தகுந்த கவனமும் எடுத்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு காப்புக்காட்டுக்குள் நுழைந்தவருக்கு இதில் எது பொருந்தும்?

1860-இல் வந்த அந்தப் பழைய தண்டனைச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கோழியைத் திருடுவதற்காகச் சுட்டவர், புதருக்குப் பின்னால் இருந்த ஆளைக் கொன்றுவிடுகிறார். ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது என்பதால் அது மரணம் விளைவித்த குற்றம் என்கிற பெரிய பிரிவுக்குள் வராது. புதிய சட்டத்தின் 100வது பிரிவிலும் அதே உதாரணம் இருக்கிறது. சரி. ஆனால் நம் காட்டில் கூட வந்தவர்கள் இருட்டில் ஆளுக்கொரு பக்கம் நிற்பது சுடுகிறவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வெறும் அசைவைப் பார்த்து விசையை இழுத்தால், அந்த வழக்கைக் கவனக்குறைவுக்கான 106வது பிரிவோடு, அதாவது 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்று நிறுத்தக் கூடாது. கொலை அளவுக்குப் போகாத, மரணம் விளைவித்த குற்றத்துக்கான 105வது பிரிவு பொருந்துமா என்றும் போலீஸ் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் ராகிக்கொல்லையையும் கடலைக்காட்டையும் உழுதுபோட்டுப் போகிற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். அதற்கு நஷ்டஈடு கேட்போம், வேலி கேட்போம், சண்டையே போடுவோம். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் உயிரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஏழை விவசாயியை மட்டும் நான் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம் 2021 டிசம்பரில், பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து வந்த குண்டு 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் இறந்தான். சீருடை போட்டவர்களுக்கும் இதே அளவுகோல்தான் வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். சுட்டவரைப் பிடித்ததும் வழக்கு ஏன் அங்கேயே நின்றுவிட வேண்டும்? அந்தக் குழலை அடித்துக் கொடுத்த ஆள் யார்? இரவல் கொடுத்தவர் யார்? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரைகூடப் போகும். அந்தப் பட்டறையைத் தேடிப் போகாதவரை அடுத்த துப்பாக்கி தயாராகிக்கொண்டுதான் இருக்கும்.

இறந்தவர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் பேச்சில் கிடைக்கும் தொகைக்குக் கையெழுத்துப் போடும் முன் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு அங்கே மனு கொடுக்கலாம். பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது.