காதை மட்டும் நம்பியா மூளை கேட்கிறது?

"மூளையின் கேட்கும் பகுதிக்குக் காது வழியாக வரும் ஒலி மட்டும்தான் போகும், உதட்டசைவெல்லாம் காது கேளாதவர்களுக்குத்தான்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 'பா' என்ற குரலை, 'கா' என்று சொல்லும் வாயசைவோடு இணைத்துக் காட்டினார்கள். பலருக்குக் கேட்டது 'டா'! கண்ணை மூடினால் 'பா'. திறந்தால் மறுபடி 'டா'. விஷயம் தெரிந்த பிறகும் இது மாறுவதில்லை என்பதுதான் வியப்பு. எல்லோருக்கும் இப்படிக் கேட்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1997இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு இன்னும் நேரடியானது. நன்றாகக் காது கேட்பவர்கள் ஒலியே இல்லாமல், பேசும் உதடுகளைப் பார்த்தபோதும் அவர்களின் மூளையில் கேட்கும் பகுதி இயங்கியது.

இரைச்சலில் பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு நன்றாகப் புரியும் என்பது 1954இலேயே அளந்து காட்டப்பட்டது. ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் முகம் பார்த்துப் பேசுங்கள்; அந்தத் தகவலைப் பகிராதீர்கள்.