"பிளாக் பண்ணிட்டுப் போம்மா" என்று சொல்வதற்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் எதற்கு?

மறுபடியும் அதே பதில்தான். ஒரு பெண்ணுக்குத் தொல்லை கொடுப்பவன், அவருடைய முன்னாள் சக ஊழியன் ஒருத்தன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஆரம்பிப்பான். அங்கே தடுத்தால் இன்ஸ்டாவில் வருவான், அதையும் தடுத்தால் புது நம்பரில். அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புகார் எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேப்பரைக் கையில்கூட வாங்கவில்லை.

"மெசேஜ் தானேம்மா அனுப்புறான்? நேர்ல வந்து கையப் புடிச்சானா?"

"இல்ல சார்."

"கொன்னுருவேன்னு சொன்னானா? அசிங்கமா போட்டோ ஏதும்?"

"இல்ல சார். 'ஏன் பேச மாட்டேங்குற'ன்னு தினமும். நேத்து 'இன்னிக்கு பச்சை சுடிதாரா'ன்னு அனுப்பியிருக்கான்."

"நீ முதல்ல ரிப்ளை போட்டியா இல்லியா?"

"வேலை விஷயமா போட்டேன் சார், ஆறு மாசம் முன்னாடி."

"அப்புறம் என்னம்மா கேஸ் இருக்கு இதுல? பிளாக் பண்ணிட்டுப் போய் வேலையப் பாரு. ரொம்ப முக்கியம்னா சைபர் கிரைம்ல குடு."

சைபர் கிரைமில் கேட்ட முதல் கேள்வி: "பணம் எவ்வளவு போச்சு?" பணம் போகவில்லையா, அப்படியென்றால் லோக்கல் ஸ்டேஷன். 1930க்கு அடித்தாலும் கதை இதுதான், அது பண மோசடிக்கான எண். அந்தப் பெண் திரும்பவும் முதல் மேசைக்கே வந்து நின்றார். இதைப் படிக்கும் பாதிப்பேர் இப்படி நின்றவர்களாகத்தான் இருப்பீர்கள்.

என்ன கேஸ் இருக்கிறதா? பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 78. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி. 2013இல் வந்த சட்டம், நேற்று முளைத்ததில்லை. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைப் பின்தொடர்ந்து, திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். அவளுடைய இன்டர்நெட், மின்னஞ்சல் பயன்பாட்டை வேவு பார்ப்பதும் குற்றம். முதல் முறை மூன்று வருஷம் வரை சிறை, மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை. கெட்ட வார்த்தை இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. கையைப் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆறு மாதம் முன்னால் போட்ட ரிப்ளை, இன்றைக்குச் சொன்ன "வேண்டாம்"-ஐ அழித்துவிடாது.

அந்தப் பச்சை சுடிதார் மெசேஜை அந்தப் போலீஸ்காரர் தூக்கிப் போட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 'வெறும் மெசேஜ்தான், பின்தொடரவே இல்லை' என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வாதமாக இருக்கும். அவன் எங்கேயோ நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அவனே எழுதிக்கொடுத்த சாட்சி அந்த ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டு "என்ன கேஸ் இருக்கு" என்று கேட்பவரை என்ன சொல்வது!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "66ஏ-வைத்தான் சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சே" என்று சட்டம் பேசும். ஆமாம், 2015 மார்ச் 24, ஷ்ரேயா சிங்கால் வழக்கு. ஐடி சட்டத்தில், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 'எரிச்சல்', 'அசௌகரியம்' என்று யார் மேலும் பாய்கிற மாதிரி எழுதி வைத்திருந்த பிரிவு அது, போனது நல்லதுதான். அதனால்தான் பிடிக்காத ஒரு மெசேஜ், தினம் காலையில் வரும் பூங்கொத்துப் படம், இதெல்லாம் குற்றம் ஆகாது. ஆனால் பின்தொடர்தல், மிரட்டல், ஆபாசம் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பெயரை மறைத்து மிரட்டினால் நியாய சன்ஹிதாவில் 351(4). பெண்ணின் மானத்தை இழிவு செய்யும் பேச்சுக்கு அதிலேயே 79. ஆபாசப் படத்துக்கு ஐடி சட்டம் 67. இந்த ஐடி சட்டப் பிரிவு சேர்ந்துவிட்டால் இன்ஸ்பெக்டர் ரேங்குக்குக் கீழே யாரும் விசாரிக்க முடியாது. தட்டிக்கழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

"பிளாக் பண்ணு" என்பதில் இருக்கிற பெரிய ஆபத்து, ஜனங்கள் பிளாக் பண்ணுவதோடு வந்த மெசேஜ்களையும் அழித்துவிடுவதுதான். சாட்சி அத்தோடு போச்சு. முதலில் ஒரே ஒரு வரி அனுப்புங்கள்: "இனி என்னை எந்த வகையிலும் தொடர்புகொள்ள வேண்டாம்." அதற்குமேல் ஒரு வார்த்தை வாதம் வேண்டாம். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பாருங்கள், எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது படித்தான் என்று நேரத்தோடு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படித்ததைக் காட்டும் நீல 'டிக்' குறியை அவன் அணைத்து வைத்திருந்தால் போய்ச் சேர்ந்த நேரமாவது கிடைக்கும். விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டியதற்கு ஆதாரம் அதுதான்.

ஸ்கிரீன்ஷாட்டிலும் எல்லாரும் தவறுகிற இடம் இரண்டு. பெயர் போட்டு சேவ் செய்த நம்பர் என்றால் மேலே பெயர்தான் தெரியும், நம்பர் தெரியாது. பெயரைத் தொட்டு உள்ளே போய் நம்பரோடு தனியாக ஒன்று எடுக்க வேண்டும். அன்றைக்கே எடுத்தால் தேதி இருக்கும் இடத்தில் 'இன்று' என்று மட்டும் நிற்கும். எந்த இன்று என்று கோர்ட்டில் கேட்பார்கள். அதனால் அப்போதே ஒன்று எடுங்கள், தேதி தெரிகிறபோது மறுபடி ஒன்று எடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவும் கூடாது. வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்கு மேல் ஆனபிறகும் 'எல்லாருக்கும் நீக்கு' கொடுக்க முடியும். இன்ஸ்டாவில் அவன் நினைத்தபோது அன்சென்ட் செய்துவிடுவான். மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்தால் மெயில் எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஹெடர் விவரம் போய்விடும், மூல மெயிலையே இறக்கி வையுங்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள்.

வாங்க மாட்டேன் என்றால் எழுத்தில் எஸ்.பி.க்கு, சென்னை மாதிரி ஊர் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். மின்னஞ்சலில் கொடுத்த புகாரையும் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் பதிவு செய்தாக வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பியும் அனுப்பக் கூடாது. முதற்கட்ட விசாரணை என்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாள், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலையவிட அதில் இடமே இல்லை.

இதே தொல்லை ஓர் ஆணுக்கு வந்தால்? பிரிவு 78 பெண்ணுக்கு மட்டும்தான். மிரட்டலோ ஆபாசமோ அவதூறோ இருந்தால் அந்தப் பிரிவுகளைப் பிடிக்கலாம், வெறும் விடாத தொல்லைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இதைச் சட்டசபையிலோ பாராளுமன்றத்திலோ யாராவது வாய்திறந்து பேச வேண்டும்.

கடைசியில் அந்தப் பெண்ணின் புகாரை வாங்கிவிட்டார்கள், தெரிந்த வக்கீல் கூடப் போன பிறகு. வாங்கிவிட்டுச் சொன்னது: "எல்லாத்தையும் சிடில போட்டுக் கொண்டாம்மா." சிடி! எந்த லேப்டாப்பில் இப்போது சிடி டிரைவ் இருக்கிறது? ஊரில் எந்த ஜெராக்ஸ் கடையில் சிடி எழுதிக் கொடுக்கிறார்கள்? மின்னணுச் சாட்சிக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63இல் ஒரு சான்றிதழ் படிவமே கொடுத்திருக்கிறார்கள், ஃபைலின் கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பெல்லாம் எழுதித் தர வேண்டிய படிவம். அதில் மொபைல், ஃபிளாஷ் டிரைவ், கிளவுட் என்று வரிசையாக டிக் அடிக்க இடம் இருக்கிறது. ஐயா, அந்தப் படிவத்தை ஒரு தடவை படியுங்கள். பென்டிரைவில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.