திரும்பி வந்திருக்கலாமாம்!

கிளம்பியதுமே இன்ஜின் நின்று விழுந்த அந்தப் பயிற்சி விமானத்தின் வீடியோவுக்குக் கீழே நம்ம ஊர் குரூப்பில் ஓடும் கமெண்டுகளை இப்போதுதான் பார்த்தேன். ஓட்டிய பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. வண்ணார்பேட்டையில் பைக்கைத் திருப்பவே தடுமாறுகிறவர்கள், "இன்ஜின் நின்னா அப்படியே திரும்பி ரன்வேக்கு வந்திருக்கலாமே" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

திரும்ப முடியாது, அய்யா. கிளம்பிய கையோடு இன்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்து, வேகத்தை விடாதே, எதிரே வயலோ பொட்டலோ கிடப்பதில் இறக்கு என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால், விமானம் மிதந்து நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இருக்கிற வேகமோ குறைந்துகொண்டே வரும். அப்புறம் இறக்கை தூக்காது, விழ வேண்டியதுதான்.

"அப்போ பைலட் தப்பே செய்ய மாட்டானா?" செய்வான். செய்தும் இருக்கலாம். அதைச் சொல்லத்தான் விசாரணை இருக்கிறது. அந்த விசாரணையின் ஒரே நோக்கமும் இன்னொரு விபத்தைத் தடுப்பதுதான், பழி போடுவது அல்ல என்று சர்வதேச விதியே சொல்கிறது. நமக்குத்தான் அதுவரை பொறுக்காது.

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" சொல்கிறேன். என் அப்பா லாரி டிரைவர். ஓர் ஆடி மாதம் முப்பந்தல் பக்கம் வைக்கோல் லாரி காற்றில் சாய்ந்துவிட்டது. காற்று அடிக்கும் என்றுதானே அங்கே அத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்! ஆனால் அப்பா வீடு வந்து சேரும் முன்னே ஊர் முடிவுகட்டிவிட்டது: "குடிச்சிருப்பான்." தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷன். போலீஸ் ஊதச் சொன்னபோதும் ஒன்றும் வரவில்லை. அந்தச் செய்தி மட்டும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட முதலில் அதைத்தான் விசாரித்தார்கள்.

"பொதுவில் வந்தால் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள்" என்று ஒருவர் தத்துவம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை பொதுவில் வரவில்லை. பாடம் படிக்கப் போனது. வீடியோவைப் பொதுவில் கொண்டுவந்தது நீங்கள்.

அட்மின் அண்ணாச்சி, பதிவை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். முதல் சிரிப்பு எமோஜி உங்களுடையது. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.